மூன்றாம் குழாயில் இருந்த வறட்சி

“என்ன காணாம போச்சுன்னு சொன்னீங்க?” என்று சர்வேயர் இரண்டாவது முறையாகக் கேட்டார்.

“வறட்சி சார். நூத்தியெண்பது வருஷத்து வறட்சி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாய்க்குள்ள இருந்துச்சு. நேத்து காலையில பத்துப் பேருக்கு முன்னாடி திறந்தா, இல்ல.”

சொன்ன பெண்ணுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். கடலாய்வுக் கூடத்தில் ஆய்வாளர். அழுது முடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது. சர்வேயரின் மனைவி கொண்டுவந்து வைத்த டீ தொடப்படாமல் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

மூலையில் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தவர் சர்வேயரின் மைத்துனர். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரைச் ‘சுருக்கு’ என்று கூப்பிடுவார்கள். எழுத்தில்தான் சுருக்கம், வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டார். அக்கா வீட்டிலேயே சாப்பாடு, தூக்கம், வம்பு எல்லாம். அத்தானைத் தேடி யாராவது சிக்கலோடு வந்துவிட்டால் அவருக்குக் கால் தரையில் பாவாது. ஆனால் இந்தப் பெண்ணின் குரலைக் கேட்டதும் அந்த உற்சாகம் பாதியிலேயே வடிந்துவிட்டது.

சர்வேயர் முப்பத்தோரு வருடம் கப்பல் சரக்குகளின் சேதத்தை மதிப்பிட்டவர். நனைந்த மூட்டையைத் தொட்டுப் பார்த்தே கடல்நீரா, மழைநீரா, இல்லை வேண்டுமென்றே ஊற்றியதா என்று சொல்லிவிடுவார். ஓய்வுக்குப் பிறகும் அவரைத் தேடி ஆட்கள் வருவது அதனால்தான்.

“எனக்குச் சேறு பத்தி ஒண்ணும் தெரியாதும்மா. ஆதியிலேர்ந்து சொல்லுங்க.”

அவள் சொன்னாள். “ஆறு கடல்ல கலக்கிற இடத்துக்கு வெளியே, கடலடியில வருஷா வருஷம் சேறு படியும் சார். நல்ல மழைன்னா ஆறு மேட்டு நிலத்து மண்ணை அள்ளிட்டு வரும். அந்தப் படிவு கறுப்பா இருக்கும். மழை இல்லேன்னா மண்ணு வராது. கண்ணுக்குத் தெரியாத கடல் சிப்பிங்க மட்டும் செத்து விழும். அது வெளுத்திருக்கும். குழாயைச் செருகி எடுத்தா, ரெண்டாயிரம் வருஷத்து மழையும் அடுக்கடுக்கா உள்ள இருக்கும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒரு அடுக்கு. கனமான மணல் முதல்ல விழும், அதுக்கு மேல மெல்லிசான வண்டல்.”

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் பேராசிரியர் ஒரே இடத்தில் அக்கம்பக்கமாக இரண்டு முறை குழாய் இறக்கினார். வந்ததை மீட்டர் மீட்டராக வெட்டி எண் போட்டார்கள். முதல் தொகுதியைத் திறந்து ஆராய்ந்தார். இரண்டாவதை மூடிய வாக்கிலேயே குளிரறையில் வைத்தார். முதல் தொகுதியின் மூன்றாம் குழாய் கப்பல் தளத்திலேயே விழுந்து சிதறிவிட்டது. மற்றக் குழாய்களை வைத்து அவர் எழுதிய முடிவு: இரண்டாயிரம் வருடத்தில் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் நீண்ட வறட்சி இந்த ஆற்றுப் படுகையில் வந்ததே இல்லை. அதை நம்பித்தான் குடிநீர் வாரியம் மேட்டு நிலத்தில் அணையைக் கட்டிப் புதுநகரை எழுப்பியது.

“அங்க மழை பொய்ச்சு மூணு வருஷமாச்சு. ‘வந்துடும், வராம எங்க போகும்’னு வாரியம் சொல்லுது. அடுத்த வாரம் இன்னும் பன்னிரண்டாயிரம் குடும்பத்தை அனுப்பறாங்க. நான் போன வாரம் ரெண்டாவது தொகுதியோட மூணாம் குழாயை எடுத்தேன். படுக்கவெச்சு, நீளவாக்குல மேல்பக்கத்தை மட்டும் அறுத்து மூடி மாதிரி தூக்கினேன். நடுவுல ஒரு சாணுக்கு மேல சுத்த வெளுப்பு. அதுக்குக் கீழே மூணு, நாலு வருஷம் மழை குறைஞ்சுக்கிட்டே வர்றது தெரியுது. இப்ப நடக்கிற மாதிரியே.”

“போட்டோ எடுக்கலையாம்மா?” என்று சுருக்கு குறுக்கே புகுந்தார்.

“செல்போன்ல ஒண்ணு இருக்கு. வெள்ளையா ஒரு சேறு, அவ்வளவுதான். எந்தக் குழாய்னு அதுல தெரியாது. ஸ்கேனர்ல அளந்த ஃபைல் இருக்கு. ஆனா கேமரா பழுது, ஃபைலுக்குப் பேர் வெச்சதும் நான். திங்கக்கிழமை வெளி ஆளுங்களைச் சாட்சியா வெச்சு மாதிரி எடுக்கலாம்னு மூடி வெச்சேன். திறந்தா முழுக்கக் கறுப்பு. ‘குழாயை மாத்தி அளந்திருக்கே’ன்னு பேராசிரியர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டார். வெள்ளிக்கிழமை வாரியக் கூட்டம் சார். இன்னும் மூணு நாள்தான்.”

சர்வேயர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

குளிரறை கூடத்தின் பின்கோடியில் இருந்தது. கனத்த கதவு, நான்கு டிகிரி குளிர், சுவரோரமாகக் கூரை வரை குழாய்கள். ஒவ்வொன்றின் எண் எழுதிய மேல்முனையும் வெளியே பார்த்தபடி இருந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானிக் கருவி. அதன் ஊசி ஒரு சுழலும் தாளில் கோடு கிழித்துக்கொண்டே இருந்தது. சர்வேயர் தாளைப் பிரித்தார். நேராகப் போன கோடு சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஏறி, பதினொன்றரை வரை இறங்கவில்லை. யாரோ கதவைத் திறந்து வைத்திருந்த நேரம்.

“சனிக்கிழமை விடுமுறை ஆச்சே, அத்தான்!” என்றார் சுருக்கு.

“விடுமுறைதான், மாப்பிள்ளை. யார் வந்தாங்கன்னு வாசல் பதிவேட்டைப் பாரு.”

பதிவேட்டில் இரண்டே பெயர்கள். புத்தகம் எடுக்க வந்த பேராசிரியர். ஸ்கேனர் கேமராவைச் சரிபார்க்க வந்த ஆபரேட்டர். குளிரறைச் சாவி மொத்தம் மூன்று. இந்த இரண்டு பேரிடமும் ஸ்டோர் கீப்பரிடமும் ஆளுக்கு ஒன்று.

பேராசிரியர் அவர்களை நிற்கவைத்தே பேசினார். “அந்தக் குழாயில அப்படி ஒண்ணு இருந்திருந்தா முதல்ல தெரிஞ்சுக்க வேண்டியவன் நான். என் பேர்ல ஒரு ஊரே நிக்குது. நான் எதுக்குங்க அதை மறைக்கணும்?” சொல்லும்போது அவர் கை மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. ஆபரேட்டர் இளைஞர், தோளைக் குலுக்கினார். “எனக்கு மெஷினைத் தெரியும். மண்ணு கறுப்பா வெளுப்பான்னு நான் பார்க்கிறதே இல்ல. அந்த மேடத்தோட ஃபைல் இன்னும் அப்படியே இருக்கு, வேணும்னா பாருங்க.”

ஸ்டோர் கீப்பருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் பாக்கி. உள்ளே போகும் எல்லோருக்கும் ஸ்வெட்டரைத் தேடிக் கொடுப்பவர். ஆய்வாளர் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிட்டாள். அவளுக்கு ஆதரவாக அந்தக் கூடத்தில் பேசியவரும் அவர் ஒருவர்தான்.

“நான் சனிக்கிழமை வரலைங்க. பொண்ணு வீட்டுல சாமான் கட்டிக்கிட்டு இருந்தேன். அடுத்த வாரம் குடி போறாங்க.” முகம் மலர்ந்தது, பிறகு ஏனோ சுருங்கியது. “இந்தப் பொண்ணு பாவம் சார். ஆனா அதுல என்னதான் இருக்கு? வெள்ளைச் சேறு. தண்ணி பட்டா பால் மாதிரி கரைஞ்சு ஓடிடும். அதை எவன் எடுத்துட்டுப் போய் என்ன செய்யப் போறான்?”

சுருக்கு அதையும் எழுதிக்கொண்டார். யார் என்ன சொன்னாலும் எழுதுவது அவருடைய கைப்பழக்கம்.

புதன்கிழமை முழுவதும் சர்வேயர் குளிரறையிலேயே இருந்தார். மூன்றாம் குழாயின் மூடியைத் தூக்கி, கறுப்புச் சேற்றின் மேல் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்தவர் நிமிரவே இல்லை. குளிர் தாங்காமல் சுருக்கு அலமாரிக்கும் கதவுக்குமாக நடந்தார். சும்மா இருக்க மாட்டாமல் குழாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். ஒவ்வொன்றும் மாவு மூட்டை கனம். இரண்டாவது தொகுதியின் ஆறாம் குழாயைத் தூக்கியபோது அது கையோடு விருட்டென்று மேலே வந்து, அவர் பின்னால் சாய்ந்தார்.

“அத்தான்! இதுல ஒண்ணுமே இல்ல! காலி!”

சர்வேயர் வந்து மூடியைத் திறந்தார். உள்ளே ஈரம் மட்டும் இருந்தது. அவர் சுருக்கின் தோளைத் தட்டினார். ஆய்வாளரைக் கூப்பிட்டுப் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

“மணல் கீழே, வண்டல் மேலேன்னு சொன்னீங்க. இங்க எப்படி இருக்கு?”

அவள் குனிந்து பார்த்தாள்.  “தலைகீழா இருக்கு சார். ஒவ்வொரு அடுக்கும் தலைகீழ். திங்கக்கிழமை கறுப்பைப் பார்த்ததுமே எல்லாரும் சிரிச்சாங்க. நான் கண்ணாடி வெச்சுப் பார்க்கவே இல்ல.”

சர்வேயர் கூடத்து மெக்கானிக்கிடம் ஒரு ஸ்பேனர் வாங்கிக்கொண்டு பாத்திரம் கழுவும் அறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கண்ணாடிப் புட்டி. அடியில் இரண்டு ஸ்பூன் அளவுக்கு வெளிறிய கசடு.

வியாழக்கிழமை மதியம் கூடத்தின் வகுப்பறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். பேராசிரியர் முன்வரிசையில்; ஆபரேட்டர் ஜன்னலோரம்; ஸ்டோர் கீப்பர் கதவருகே நின்றார். உட்காரச் சொன்னதும் கடைசி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சுருக்குக்கு முதல் நாளே விடை தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு. பேராசிரியரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

“மூணாம் குழாய்ல இப்ப இருக்கிறது ஆறாம் குழாயோட சேறு,” என்று சர்வேயர் ஆரம்பித்தார். “ரெண்டு குழாயையும் முனைக்கு முனை வெச்சு, தள்ளுகோலால ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தள்ளியிருக்காங்க. அலமாரியில எண் எழுதின முனை வெளியே தெரியுது. தள்ளின ஆள் அந்த ரெண்டு முனையையும் சேர்த்து வெச்சுத் தள்ளிட்டார். மேல் இருந்தது அடிக்குப் போயிடுச்சு.”

“அது யார் வேணும்னாலும் செய்யலாமே,” என்றார் பேராசிரியர்.

“நீங்க செய்ய மாட்டீங்க சார். நாப்பது வருஷமா சேத்தைப் படிக்கிறவர் எது மேல், எது கீழன்னு பார்க்காம வைப்பாரா? இந்தப் பொண்ணும் வைக்காது. ஆக, இது சேத்தைத் தூக்கத் தெரிஞ்சு, படிக்கத் தெரியாத ஆள்.”

ஆபரேட்டர் நிமிர்ந்தார். “அப்போ நானா?”

“நீங்க செஞ்சிருந்தா முதல்ல ஃபைலை அழிச்சிருப்பீங்க, தம்பி. ஒரு நிமிஷ வேலை. குழாயை மாத்தறதுக்கு ஒரு மணி நேரம் கஷ்டப்பட்ட ஆள் ஃபைலை விட்டுட்டார். கம்ப்யூட்டர்ல அப்படி ஒண்ணு இருக்குன்னே அவருக்குத் தெரியாது.”

 மூன்று சாவியில் இரண்டு கழிந்துவிட்டன. அவர் திரும்பிப் பார்க்க விரும்பவில்லை, ஆனாலும் பார்த்தார்.

“பதிவேட்டுல அவர் பேர் இல்ல. ஆனா சரக்கு இறக்கிற பின்கதவுச் சாவி அவர்கிட்ட மட்டும்தான் இருக்கு. அந்தப் பக்கம் பதிவேடு கிடையாது. மாப்பிள்ளை, செவ்வாய்க்கிழமை ஸ்டோர் கீப்பர் வெள்ளைச் சேறு பத்திச் சொன்னதைப் படி.”

சுருக்கு பக்கத்தைப் புரட்டினார். “‘தண்ணி பட்டா பால் மாதிரி கரைஞ்சு ஓடிடும்.’”

“ஏம்மா, அந்தச் சேத்துல நீங்க தண்ணி விட்டீங்களா?”

“ஐயோ, ஒரு சொட்டு படக் கூடாது சார்.” சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“கறுப்புச் சேறு கரைஞ்சா கலங்கலாத்தான் ஓடும். இது பாலா ஓடும்ங்கிறது, ஓடவிட்டவருக்குத்தான் தெரியும்.” சர்வேயர் புட்டியை மேஜைமேல் வைத்தார். “சின்க்குக்கு அடியில இருக்கிற வளைவுக் குழாயைக் கழட்டினேன். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்.”

ஸ்டோர் கீப்பர் மறுக்கவில்லை. கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துப் பேசினார்.

“ஆறு வருஷமா ஒத்தை ரூம்ல இருக்காங்க சார். தகரக் கூரை. குழந்தைக்கு மூச்சு இழுக்குது. வீட்டுக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு, இப்பத்தான் சாவி வருது. வெள்ளிக்கிழமை இவங்க பேராசிரியருக்கு போன் பண்ணினாங்க. ‘இது தெரிஞ்சா வீடு கொடுக்கிறதை நிறுத்திடுவாங்க’ன்னாங்க. அது மட்டும்தான் என் காதுல விழுந்துச்சு. அந்தச் சேத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்? இருபத்திரண்டு வருஷமா தூக்கி வெக்கிறேன், ஒருத்தரும் எனக்குச் சொன்னதில்ல.”

 ஆய்வாளர் எழுந்து போய் அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கத்தப் போகிறாள் என்று சுருக்கு நினைத்தார்.

“குழந்தைக்கு எத்தனை வயசுண்ணே?”

“ரெண்டு.”

“முன்னாடி ஒரு தடவை அந்த மேட்டு நிலத்துல மழை நின்னுச்சு. மூணு வருஷம், நாலு வருஷம்னு கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு நின்னுச்சு. ரெண்டு வயசுக் குழந்தை வளர்ந்து, கிழவியாகி, செத்து, அதோட பேரன் பேத்தியும் கிழடாகிச் செத்த பிறகுதான் திரும்ப வந்துச்சு. இப்பவும் அதே மாதிரிதான் ஆரம்பிச்சிருக்கு. அதான்ணே அந்தச் சேத்துல இருந்துச்சு.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு மேஜைமேல் இருந்த புட்டியைப் பார்த்தார். “அதுல இருக்குல்ல? அதை வெச்சு நிரூபிங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

“கலந்து போச்சுண்ணே. சிப்பி இருக்கு, வயசுகூடத் தோராயமா சொல்லலாம். எது முதல் வருஷம், எது கடைசி வருஷம், வறட்சி எத்தனை காலம் இருந்துச்சு, ஒண்ணும் சொல்ல முடியாது. அடுக்குதான் எல்லாமே.”

அப்போதுதான் பேராசிரியர் பேசினார். குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. “உடைஞ்ச குழாய்க்குப் பதிலா நான் ஒரு கோடு போட்டேன். மேலேயும் கீழேயும் மழை நல்லா இருந்துச்சு. நடுவுலயும் அப்படித்தான் இருந்திருக்கும்னு நேரா ஒரு கோடு. ரெண்டாவது தொகுதியைத் திறந்து பார்க்க ஒரு வாரம் ஆகியிருக்கும். அறிக்கைக்கு அவசரப்படுத்தினாங்க. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டேன்.” அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அவரை முறைத்ததை நினைத்து சுருக்குக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வாரியக் கூட்டத்துக்குப் பேராசிரியர், ஆய்வாளர், சர்வேயர், சுருக்கு நான்கு பேரும் சேர்ந்தே போனார்கள். பேராசிரியர் எழுந்து தன் முடிவு தப்பு என்று சொன்னார். ஆய்வாளர் ஃபைலைக் காட்டினாள். ஸ்டோர் கீப்பர் எழுதிக் கொடுத்ததைச் சர்வேயர் படித்தார். தலைவர் மரியாதையான மனிதர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஃபைல்ல படம் இல்ல, அதுக்குப் பேர் வெச்சதும் நீங்க. வெள்ளைச் சேறு இருந்துச்சுன்னு ஸ்டோர் கீப்பர் சொல்றார், சரி. எத்தனை வருஷத்து வறட்சின்னு அவரால சொல்ல முடியுமா? சேறு கையில இருக்கா?”

“இல்ல,” என்றார் சர்வேயர்.

“திரும்ப எடுக்க முடியாதா?”

“கப்பல் கிடைக்க நாலு வருஷம் ஆகும்,” என்றாள் ஆய்வாளர். “எடுத்து ஆராய இன்னும் ரெண்டு வருஷம்.”

“அப்போ எடுத்துட்டு வாங்கம்மா. நிச்சயம் பார்க்கலாம். இப்ப பன்னிரண்டாயிரம் குடும்பத்துக்கு வீடு இல்லேன்னு நான் எதைக் காட்டிச் சொல்றது?” அவர் கேட்டதில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமலிருந்தது. தீர்மானம் நிறைவேற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

படியிறங்கும்போது சுருக்கு கேட்டார். “யார்னு கண்டுபிடிச்சுட்டோமே அத்தான். அதுக்கு ஒரு மதிப்பும் இல்லையா?”

“கப்பல் முழுகின பிறகு ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிக்கிறதுதான் மாப்பிள்ளை என் வேலையே,” என்றார் சர்வேயர். அவர் அவ்வளவு களைத்துப்போய்ப் பேசி சுருக்கு கேட்டதில்லை.

திங்கட்கிழமை ஸ்டோர் கீப்பர் சர்வேயரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். வேலை போய்விட்டது. மகளிடம் மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை. பெரிய மனுஷங்க சொன்னால் கேட்பாள் என்று நம்பினார். சர்வேயரும் சுருக்கும் போனபோது லாரி மகள் வீட்டு வாசலில் நின்றது. கட்டில், பீரோ, தண்ணீர் டிரம், ஒரு தையல் மெஷின் எல்லாம் ஏறிவிட்டன. மகள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி சர்வேயர் சொன்னதைக் கடைசிவரை கேட்டாள்.

“சார், நீங்க நல்ல எண்ணத்துலதான் சொல்றீங்க. ஆனா அங்க வாரியம் இருக்கு, அணை இருக்கு, லாரில தண்ணி விடறாங்க. இங்க இவளுக்கு ராத்திரி முழுக்க இழுக்குது. இந்த ரூமையும் காலி பண்ணிட்டோம், நாளைக்கு வேற ஆள் வர்றாங்க. போகாதேன்னு சொல்றீங்க. எங்க இருக்கட்டும்னு சொல்லுங்க.”

   குழந்தை சுருக்கின் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது, அவர் இழுக்கவிட்டார்.

மருமகன் வண்டியில் ஏறச் சொன்னான். அப்போது ஸ்டோர் கீப்பர் வீட்டுக்குள்ளிருந்து ஒரு துணிப்பையோடு வந்தார். லாரியின் பின்பலகையில் காலை ஊன்றி, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தார்.

“நீங்க எங்கே?” என்றார் சுருக்கு.

“அவங்களோட.”

“எல்லாம் தெரிஞ்சுமா?”

“எனக்குத்தானே சார் தெரியும்?” என்றார் அவர். “நீங்க சொன்னது, அந்தப் பொண்ணு சொன்னது, அந்த லாரித் தண்ணி ஒருநாள் வராம நிக்கும்ங்கிறது. அங்க போற பன்னிரண்டாயிரம் குடும்பத்துல வேற யாருக்குத் தெரியும்? தெரிஞ்சவன் ஒருத்தனாவது கூட இருக்கணும் இல்லையா?”

“அப்பா,” என்று முன்னாலிருந்து மகள் தலையை நீட்டினாள். “மேடு பள்ளமா இருக்குமாம். கெட்டியா பிடிச்சுக்கோங்க.”

“பிடிச்சிருக்கேம்மா,” என்றார் அவர். லாரி கிளம்பியது.